மேடையை விட்டு இறங்கியவர்களும் மேடை கட்டியவர்களும்

2024 மார்ச் 17. அந்த ஆண்டின் சங்கீத கலாநிதி விருது டி.எம்.கிருஷ்ணாவுக்கு என்று சென்னை மியூசிக் அகாடமி அறிவித்தது. மூன்றே நாளில் ரஞ்சனி - காயத்ரி சகோதரிகள், டிசம்பர் 25-ல் அங்கே பாட மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். கர்நாடக இசை உலகத்தை இழிவுபடுத்துபவர், பெரியாரைப் போற்றுபவர், அவர் தலைமையில் எப்படிப் பாடுவது என்பது அவர்கள் கோபம். திருச்சூர் சகோதரர்களும் விசாகா ஹரியும் விலகினார்கள். சித்ரவீணா ரவிகிரண் தான் 2017-ல் பெற்ற சங்கீத கலாநிதியையே திருப்பித் தருவதாகச் சொன்னார். அகாடமித் தலைவர் என்.முரளி அசையவில்லை. இசைத்திறனுக்குத்தான் விருது என்றார்.

இதே மாதிரி ஒன்று இரண்டு வருடம் முன்னால் அமெரிக்காவில் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கொரோனா தடுப்பூசி பற்றித் தப்பும் தவறுமாகப் பேசவிடுகிறார் என்று ஜோ ரோகனின் பேச்சு நிகழ்ச்சியை எதிர்த்து, 2022 ஜனவரியில் நீல் யங் தன் பாட்டுகளை ஸ்பாட்டிஃபையிலிருந்து எடுத்துவிட்டார். ஜோனி மிட்செலும் சேர்ந்துகொண்டார். இணையத்தில் யங்கின் பாட்டு கேட்கப்படுவதில் 60 சதவீதம் ஸ்பாட்டிஃபையில்தானாம். (பி.காம் படிக்கிறவன் கண்ணுக்கு இந்த எண்தான் முதலில் படுகிறது!) ஆனால் ரோகன் அங்கேயே இருந்தார். 2024 மார்ச்சில் அவர் நிகழ்ச்சி மற்ற தளங்களிலும் வர ஆரம்பித்ததும், எல்லா இடத்தையும் விட்டுப் போக முடியாது என்று யங் திரும்பி வந்தார். அது நடந்து ஒரு வாரத்தில்தான் நம்ம ஊர் விலகல்கள்.

சென்னையில் என்ன ஆச்சு? அதே டிசம்பர் 25 அன்று அகாடமியில் பாடியவர் கிருஷ்ணா. எம்.எஸ். பெயரிலான பரிசு மட்டும் உச்சநீதிமன்றம் வரை போய் மாட்டிக்கொண்டது. அது எம்.எஸ்.ஸின் பேரன் போட்ட வழக்கு. விலகிய வித்வான்களால் வந்ததில்லை.

விலகினவர்களைக் கிண்டல் செய்யவில்லை. பெரிய பெயர் இருப்பவர்கள் விலகலாம். அகாடமியில் மத்தியானக் கச்சேரிக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஒரு சின்னப் பையன் விலக முடியுமா?

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் வேறு வழி காட்டியிருக்கிறார். கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். தமிழ்நாட்டு மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமுமே ஆண்ட காலம் அது. கச்சேரிக் கடைசியில் துக்கடாவாக மட்டும் தமிழ்! 1941-ல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூட்டினார். மொழியைப் பார்த்தால் இசைத்தரம் போய்விடும் என்று எதிர்த்தவர்களில் மியூசிக் அகாடமியும் உண்டு. ராஜாஜி, டி.கே.சி., கல்கி எல்லாரும் செட்டியார் பக்கம். சண்டை பத்திரிகைகளில் பலமாகவே நடந்தது.

அகாடமியைத் திருத்துகிறேன் என்று செட்டியார் அதன் வாசலிலேயே நிற்கவில்லை. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். அதற்கென்று தனி விழா, தனி இசைப்பள்ளி. வட்டிக்கணக்கு தெரிந்த ஊர்க்காரர் இல்லையா, நிற்கிற மாதிரி முதல் போட்டார். 1948-ல் காலமாகிவிட்டதால், பாரிமுனை அருகே 1952-ல் திறந்த ராஜா அண்ணாமலை மன்றத்தை அவர் பார்க்கவில்லை. சங்கத்தின் இசைவிழா இப்போதும் டிசம்பரில்தான். அகாடமியில் கச்சேரி நடக்கிற அதே நாட்களில், அங்கே தமிழில் பாடிக்கொண்டிருப்பார்கள்.