வண்ணப் படத்தில் வராத கடற்போர்

வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. சுவரில் மாட்டிய படத்திலும் எழுதப்படுகிறது. சென்ற தீபாவளிக்கு மறுநாள், லோகேகாவ் விமானத்தளத்திற்கு அண்மையில் வாழும் ஓய்வுபெற்ற விமானப்படை நண்பர் ஒருவரின் இல்லத்தில் இதனை உணர்ந்தேன். அவர் கூடத்தில் ஒரு பெரிய வண்ணப் படம் இருந்தது. கீழே எல்லையற்ற நீலக்கடல். மேலே பெரிய கடல்விமானம் ஒன்று. அதனைச் சூழ்ந்து பாயும் ஜப்பானியப் போர் விமானங்கள். அடியில் வரிசை எண்ணும் ஓவியரின் கையொப்பமும் பென்சிலால் இடப்பட்டிருந்தன. “இது நம் இந்துமாக்கடல்தான், 1942” என்றார் நண்பர். அச்சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இவ்வகைப் படங்களைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் உளர். இங்கிலாந்தின் ராபர்ட் டெய்லர் போன்றோர் தீட்டிய ஓவியங்களை அளவான எண்ணிக்கையில் அச்சிட்டு, ஒவ்வொரு படிக்கும் எண் கொடுப்பர். போரில் பறந்த விமானிகளே கையொப்பமிட்ட படிகளுக்கு மதிப்பு மிகுதி. ஜப்பானிலோ, ஹசெகாவா நிறுவனத்தின் பொம்மை விமானப் பெட்டிகளுக்குக் கோய்கே ஷிகெயோ வரைந்த ஓவியங்களைப் போற்றிச் சேர்ப்போர் உண்டு. அன்று பகைவராய் இருந்த இரு நாட்டாரும் இன்று ஒரே போரை இரு பக்கத்திலிருந்தும் வரைகின்றனர்.

நண்பர் இல்லத்துப் படம் சொல்லும் கதை இது. 1942 ஏப்ரல் 4ஆம் நாள், இலங்கையின் கொக்கலையிலிருந்து புறப்பட்ட கேட்டலீனா என்னும் கடல்விமானம் தென்கடலில் காவல் சுற்றி வந்தது. அதன் தலைவர் கனடா நாட்டு லெனார்ட் பர்ச்சால். அவர் கண்ணில் பட்டது நகுமோ என்னும் தளபதியின் பெருங்கடற்படை. நான்கு திங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அதே தளபதி, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்தார். பர்ச்சால் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. விமானத்திலிருந்த ஒன்பதின்மருள் மூவர் மாண்டனர், எஞ்சியோர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கொழும்பை எட்டிவிட்டது. துறைமுகத்துக் கப்பல்கள் பல வெளியேறின.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலையில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கொழும்பின் மீது பாய்ந்தன. பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் இரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தன. அன்று பிற்பகல் நடுக்கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். உயிர் பிழைத்தோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறத்தாழ முப்பது மணி நேரம் கடலில் மிதந்தனர். ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் கடலுள் ஆழ்ந்தது. விமானந்தாங்கியே ஆயினும் அன்று அதன்மேல் ஒரு விமானமும் இல்லை!

ஓவியர்க்கு இவையெல்லாம் ஏற்ற காட்சிகள். ஆனால் அங்கொடை மனநோய் மருத்துவமனையில் குண்டு விழுந்து, போர் எதற்கென்றே அறியாத நோயாளிகள் மாண்டனரே, அதனை யார் வரைந்து வரிசை எண் இட்டு விற்பார்? எவர் வாங்கிக் கூடத்தில் மாட்டுவார்?

நம் கரைக்கு வருவோம். ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 1914இல் எம்டன் கப்பல் சுட்டதை மறவாத சென்னை நடுங்கியது. அரசாங்க அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. சென்ட்ரல் நிலையத்திற்கு அருகே அக்காலத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையில் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர்.

அந்நாளில் என் பாட்டனார் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயில் சாமான் கணக்கு எழுதுபவராக இருந்தார். சென்னையையும் நம் பூனாவையும் தன் தண்டவாளங்களால் இணைத்திருந்த கம்பெனி அது. 1951இல் தெற்கு ரயில்வேயோடு கலந்தது. பாட்டியும் குழந்தைகளும் அரக்கோணத்துக்கு வண்டி ஏறினர். பாட்டனாரோ நிலையத்தைவிட்டு அகலவில்லை. “வண்டி ஓடுகிறவரை கணக்கு எழுத ஆள் வேண்டாமா?” என்றாராம். அன்று அவசரத்தில் அம்மிக்கல்லை மூட்டையில் கட்டிக்கொண்டு, அரிசியை மறந்து வந்ததைப் பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்தபின் சற்று நேரம் பேசமாட்டார். எட்டு நாள் வரை கணவரிடமிருந்து ஒரு செய்தியும் வராத நினைவு அது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

ஜப்பானியக் கடற்படை சென்னைக்கு வரவில்லை, திரும்பிச் சென்றது. இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் அககி, சோரியு, ஹிரியு மூன்றும் இரண்டே திங்களில் மிட்வே போரில் அழிந்தன. அப்போரும் இன்று வண்ணப் படங்களாக விற்கப்படுகிறது.

அப்படங்களை நான் குறை கூறவில்லை. சாவை எதிர்நோக்கியும் செய்தி அனுப்பிய பர்ச்சாலின் கடமையுணர்வு போற்றத்தக்கது. அதனை எனக்கு அறிவித்ததும் ஒரு படமே. ஆனால் வானத்திலிருந்து பார்ப்பவர்க்குக் கரையிலுள்ளோர் தெரியார். அவர்களை நாம்தான் எழுதவேண்டும்.

அக்காலத்தைக் கண்ணால் கண்டவர் இன்று தொண்ணூறை எட்டியவர் அல்லது கடந்தவர். நம் காலனியிலும் அத்தகையோர் ஓரிருவர் இருக்கலாம். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும், பிள்ளைகளே, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர்கள் அருகில் அமருங்கள். என் பாட்டியிடம் நான் அவ்வாறு அமரவில்லை. அந்த எட்டு நாட்களைப் பற்றிக் கேட்க இன்று எனக்கு ஆளில்லை.