ஒசாகாவில் உறைந்த ஆறு: செக் கண்ணாடிச் சிற்பத்தின் ஒரு பக்கம்

கல், செம்பு, மரம் ஆகியவற்றால் ஆன சிற்பங்களில் ஒளி புறத்திலேயே நின்றுவிடுகிறது. பொருளுக்குள் புகுந்து, நிறம் மாறி வெளிவரும் ஒளியையே சிற்பத்தின் மூலப்பொருளாகக் கொண்ட இருவரை நாம் இங்குக் கருதுகிறோம். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி (1921–2002), யாரோஸ்லாவா பிரிக்டோவா (1924–2020) என்போரே அவர்கள்.

1954இல் ஜெலெஸ்னி பிரோட் என்னும் சிற்றூரின் கண்ணாடித் தொழிற்பள்ளிக்குத் தலைவராக வந்தார் லிபென்ஸ்கி. பிரிக்டோவா அதற்கு முன்பே கண்ணாடியை அச்சில் உருக்கி வார்க்கும் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். லிபென்ஸ்கி வரைவார், பிரிக்டோவா அதனைக் களிமண்ணில் உருவாக்குவார். அவ்வுருவிலிருந்து எடுத்த அச்சில் கண்ணாடித் துண்டுகளை நிரப்பிச் சூளையில் உருக்குவர். பெரிய வார்ப்பு ஆறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். விரைந்து ஆறினால் உள்ளிறுக்கம் மிகுந்து வெடித்துவிடும்.

இவ்வார்ப்பின் அழகு கனத்தில் இருக்கிறது. கரண்டியில் வெளிறித் தெரியும் தேநீர் குவளையில் கருஞ்சிவப்பாகத் தோன்றுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறே ஒரே நிறக் கண்ணாடி, மெல்லிய இடத்தில் ஒளிர்ந்தும் தடித்த இடத்தில் இருண்டும் நிற்கும். பின்புறத்தைக் குடைந்தால், முன்னிருந்து நோக்குவோர்க்கு உருவம் உள்ளே மிதப்பதாகத் தோன்றும்.

பொதுவுடைமை அரசு ஓவியரையும் சிற்பிகளையும் கடுமையாகக் கண்காணித்த காலம் அது. கண்ணாடியோ அலங்காரத் தொழிலாகவே எண்ணப்பட்டது. அந்த அலட்சியமே இவர்களுக்கு வாய்ப்பாயிற்று என்பது நம் கருத்து. ஓவியத்தில் ஐயத்துக்குரியதாயிருந்த அருவ வடிவம், 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியிலும் 1967இல் மாண்ட்ரியாலிலும் கண்ணாடியாகச் சென்று நாட்டுக்குப் பெருமை சேர்த்தது.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டினுள் புகுந்தன. 1970இல் ஒசாகாக் கண்காட்சிக்கென இவ்விருவரும் ‘வாழ்வின் ஆறு’ என்னும் சிற்பத்தைப் படைத்தனர். ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள அவ்வாற்றில், நீர் பனிக்கட்டியாக உறைந்த பகுதியில், படைவீரர் காலணித் தடங்கள் பதிந்திருந்தன. விளக்கவுரை ஏதும் தேவைப்படவில்லை. அதிகாரிகளின் ஆணையால் அத்தடங்கள் நீக்கப்பட்டன. அலங்காரம் என்று ஒதுக்கிய கண்ணாடியை அவர்கள் அன்றுதான் முதன்முறையாக ஊன்றிப் படித்தார்கள் போலும்!

லிபென்ஸ்கி 1963 முதல் ஆற்றிவந்த பிராக் பயன்கலைக் கல்லூரிப் பேராசிரியப் பணியில் 1987 வரை நீடித்தார்.