ஒரே வருடத்துப் பிள்ளைகள்: ஒரு ஜாகுவாரும் ஒரு லேண்ட் ரோவரும்

1948 ஏப்ரல் கடைசியில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் முதன்முதலாக வெளியே வந்தது. அதே வருடம் அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஜாகுவார் எக்ஸ்கே120 மேடையேறியது. சோலிஹல், கோவென்ட்ரி என்று பிறந்த ஊர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். இரண்டுக்கும் நிரந்தரக் கூரை இல்லை, கித்தான்தான். தொடக்கத்தில் இரண்டுக்கும் உடம்பு அலுமினியம். 2008 முதல் இரண்டு பெயர்களும் டாடா மோட்டார்ஸ் வசம். இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஒன்று பணக்காரச் சேகரிப்பாளரின் கொட்டகைக்குப் போனது. மற்றது மலேசியாவின் கேமரன் மலைக்கு முட்டைக்கோஸ் சுமக்கப் போனது.

அலுமினியம் வந்த வழியே வேறு. போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் ரோவர்காரர்கள் அலுமினியத் தகட்டை வளைத்தார்கள். போர் விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைச் சாயத்தையே அடித்தார்கள். இரண்டு மூன்று வருடம் ஓட்டிச் சமாளிக்கலாம் என்பதுதான் திட்டம். ஜாகுவாரின் வில்லியம் லயன்ஸுக்கோ புதிய ஆறு சிலிண்டர் எஞ்சினைக் காட்ட ஒரு அழகான உடல் தேவைப்பட்டது. ஓர் இருநூறு கார் விற்றால் போதும் என்று மரச்சட்டத்தின் மேல் அலுமினியத்தைக் கையாலேயே தட்டிப் பொருத்தினார்கள். ஆர்டர் குவிந்ததும், 1950இல் எஃகுக்கு மாறினார்கள். அந்த முதல் அலுமினியக் கார்களுக்குத்தான் இன்று சேகரிப்பாளரிடையே அடிதடி. அறிமுக விலை வரி நீங்கலாக 998 பவுண்டு. லேண்ட் ரோவர் 450.

கதவைப் பாருங்கள். தொடக்கக் கால லேண்ட் ரோவரிலும் சரி, திறந்த எக்ஸ்கே120இலும் சரி, வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. பக்கத்திரையின் மடலைத் தூக்கி, உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒன்றில் அது சிக்கனம், மற்றதில் ஒய்யாரம். மழையில் நனைவது என்னவோ இரண்டிலும் ஒரே மாதிரிதான்.

மழைக்குக் கேமரன் மலையில் பஞ்சமில்லை. அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். லயத்து வாழ்க்கையை எழுதியவர்கள் உண்டு. கொழுந்தும் காய்கறியும் ஏற்றி இறக்கிய வண்டியை எழுதியவர்கள் குறைவு. அவசரகாலத்தில் (1948–1960) பிரிட்டிஷ் படை மலாயாவில் ஓட்டியதும் லேண்ட் ரோவர்தான். படை கழித்துவிட்டதை வாங்கித்தான் மலையில் பழக்கம் ஏற்பட்டது என்பார்கள். பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கம் போனால் ஓரத்தில் நிற்பவற்றை எண்ணி மாளாது. கதவில் வெள்ளைச் சாயத்தில் உரிமையாளர் பெயர். அதன் கீழே சுமையோடு எடை, சுமையில்லா எடை என்று மலாய்ச் சுருக்கெழுத்தில் இரண்டு எண்கள். பின்னால் கம்பிச் சட்டம், அதன்மேல் வெளுத்த கித்தான், உள்ளே கூடை கூடையாகக் காய்கறி.

இனி மீட்டெடுப்புக்கு வருவோம். எக்ஸ்கே120ஐப் புதுப்பிப்பவருக்கு ஒரே வேதம்: தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. எஞ்சின் எண், சேஸி எண், உடல் எண் மூன்றும் பழைய பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். இருக்கைத் தோலின் நிறம்கூட மாறக் கூடாது. ஜாகுவார் டெய்ம்லர் பாரம்பரிய அறக்கட்டளை இதற்கென்றே சான்றிதழ் தருகிறது. மணிக்கு 120 மைல் ஓடுவேன் என்று பெயரிலேயே சத்தியம் செய்து, 1949இல் பெல்ஜியத்தின் யாபெக் சாலையில் 132 மைலைத் தொட்ட கார் இது. இன்று பல எக்ஸ்கேக்கள் ட்ரெய்லரில் ஏறித்தான் கண்காட்சிக்குப் போகின்றன. எனக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படுகிறது.

மலையில் நடப்பது நேர்மாறு. பெட்ரோல் எஞ்சின் எப்போதோ கழன்றுவிட்டது. அந்த இடத்தில் ஜப்பானிய டீசல் எஞ்சின். அலுமினியத் தகடு மக்காது, ஆனால் அடியில் இருக்கும் எஃகுச் சேஸி ஈரத்தில் துருப்பிடித்துச் சாகும். அறுத்து, ஒட்டு வைத்து, மறுபடி ஓட விடுவார்கள். தொழிற்சாலை எண்ணைப் பற்றிக் கவலைப்பட்டவர் எவருமில்லை. ஆகவே எக்ஸ்கேயில் பிழைத்திருப்பது பொருள். இங்கே பிழைத்திருப்பது பட்டறைக்காரரின் கைப்பழக்கம். பாதுகாப்பு என்று எதைச் சொல்வது என்று கேட்டால், என் ஓட்டு பட்டறைக்குத்தான். ஆனால் சேகரிப்பாளரை ஒதுக்கிவிடவும் முடியாது. அவர் இல்லையென்றால் அந்தத் தச்சு வேலையும் தகடு தட்டும் கலையும் இங்கிலாந்திலேயே அற்றுப்போயிருக்கும்.

2016இல் கதை ஒரு சுற்றுச் சுற்றியது. ஜனவரி 29இல் பழைய டிஃபெண்டர் உற்பத்தியை நிறுத்திய லேண்ட் ரோவர் நிறுவனம், சில வாரங்களிலேயே, 1948இல் தொடங்கிய முதல் வரிசை வண்டிகளில் 25ஐத் தானே புதுப்பித்து விற்கப்போவதாக அறிவித்தது. விலை 60,000 பவுண்டு முதல். பண்ணை வண்டி, ஜாகுவார் நின்ற வரிசைக்கே வந்து சேர்ந்துவிட்டது. அங்கும் கேட்பது பழைய எஞ்சினையும் பழைய எண்ணையும்தான். கேமரன் மலை வண்டி வாசலிலேயே தோற்றுவிடும். அந்தக் காசில் மலைத் தோட்டக்காரர் இரண்டு புதிய டொயோட்டா ஹைலக்ஸ் வாங்கலாம், வசதி உள்ளவர்கள் வாங்கியும் விட்டார்கள். சேற்றுச் சரிவில் மூட்டை ஏற்ற மட்டும் இன்னும் பழையதைத்தான் கிளப்புகிறார்கள்.