குன்றேறும் வீதிகளும் குடும்ப வாழ்வும்

ஒரு நகரின் சிறப்பை அறிய அதன் மாளிகைகளையும் வாணிகத்தையும் கணக்கிடுவது வழக்கம். அங்கே எளிய குடும்பமொன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்து ஆளாக்க முடிகின்றதா என்று வினவுவது அதனினும் நல்ல அளவுகோலாகும். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரின் வரலாறு இவ்வினாவைத் தெளிவாக எழுப்புகின்றது.

1848ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது ஏறக்குறைய 1,000 பேர் வாழ்ந்த சிறு துறைமுகம். அவ்வாண்டு கலிபோர்ணியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. 1849 முடிவதற்குள் மக்கள் தொகை 25,000 அளவிற்குப் பெருகிற்று. நிலமளந்தோர் தாளிலே நேர்கோடுகளை வரைந்தனர், குன்றுகளைப் பொருட்படுத்தினாரல்லர். ஆதலின் வீதிகள் குன்றுகளைச் சுற்றிச் செல்லாது நேரே மேலேறின. பில்பேட் வீதியின் ஒரு பகுதி 100 அடி தூரத்திற்கு ஏறக்குறைய 31 அடி உயர்கின்றது. வீதியே அமைக்க இயலாத சரிவுகளிற் படிக்கட்டுகள் கட்டப்பட்டன.

இத்தகைய ஏற்றங்களில் வண்டியிழுத்த குதிரைகள் சறுக்கி விழுந்து துன்புற்றன. கம்பிவடம் செய்யுந் தொழிலில் வல்லவரான அன்ட்ரூ ஹாலிடி என்பார் இதற்கொரு வழி கண்டார். வீதியின் கீழே இடையறாது ஓடும் வடமொன்றை நீராவி இயந்திரம் இழுக்கும், வண்டியிலுள்ள இடுக்கி அவ்வடத்தைப் பற்றும்போது வண்டி மேலேறும், விடும்போது நிற்கும். 1873ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திற் கிளே வீதியில் அவ்வண்டி முதன்முதல் ஓடியது. அதன்பின் குன்றுகள் குடியிருப்புக்கு ஏற்ற இடங்களாயின.

அவ்வாறு வளர்ந்த பகுதிகளுள் ஒன்று நோய் வலி. மெக்சிக்கோவின் ஆட்சிக்காலத்தில் அந்நிலத்தைப் பெற்றிருந்த ஹொசே நோய் என்பவரின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. ஐரிசுத் தொழிலாளரும் ஜெர்மானியத் தொழிலாளரும் அங்கே மரவீடுகள் கட்டிக் குடியேறினர். மனைகள் பெரும்பாலும் 25 அடி அகலமே உடையன. வீடுகள் நெருங்கி நின்றமையால் கடையும் பள்ளியும் தேவாலயமும் கால்நடைத் தூரத்தில் அமைந்தன. மேற்கேயுள்ள இரட்டைச் சிகரங்கள் கடற்பனியைத் தடுப்பதால் வெயிலும் அங்கே மிகுதி. சரிவில் இறங்கி இருபத்துநான்காம் வீதியிற் பண்டம் வாங்கி, சுமையோடு மீண்டும் ஏறுவது தாய்மாரின் அன்றாடக் கடமையாயிருந்தது. உடல் களைத்தாலும், வழியெங்கும் அறிந்த முகங்கள் இருந்தன. தெருவே பிள்ளைகளைக் கண்காணித்தது.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆந் தேதி விடியற்காலை 5.12 மணிக்கு நிலம் அதிர்ந்தது. நீர்க்குழாய்கள் உடைந்தன, பெருந்தீ மூண்டது. ஏறக்குறைய 3,000 பேர் மாண்டனர். 2,00,000க்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். இருபதாம் வீதியும் சேர்ச் வீதியும் கூடும் மேட்டிலிருந்த குழாயொன்றில் மட்டும் நீர் கிடைத்தது. தீயணைக்கும் இயந்திரத்தை இழுத்துக் குதிரைகள் சோர்ந்தபோது, மக்களே அதனை மேட்டின்மேல் இழுத்துச் சென்றனர். தென்புறத்து வீடுகள் பிழைத்தன. அக்குழாய்க்கு ஆண்டுதோறும் பொன்வண்ணம் பூசி மக்கள் அந்நாளை நினைவுகூர்கின்றனர்.

அடுத்த சோதனை இயற்கையால் வந்ததன்று. 1947இல் நகர முதல்வர் ரொஜர் லப்பம், கம்பிவட வண்டிகளை நீக்கிவிட்டுப் பேருந்துகளை ஓட்ட முனைந்தார். பிரீடல் கிளஸ்மன் என்னும் பெண்மணி மாதர் சங்கங்களைத் திரட்டி எதிர்த்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில், வண்டிகளைக் காக்க வேண்டுமென்றோர் மற்றையோரினும் மூன்று மடங்குக்கு மேலாயினர். பின்னர் குடியிருப்புகளை ஊடறுத்து விரைவுப் பெருந்தெருக்கள் அமைக்கத் திட்டமிடப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் 1959இல் நகரசபை அவற்றுட் பலவற்றைக் கைவிட்டது. மோட்டார் வண்டிகளுக்காகத் தெருக்களை இழந்த நகரங்கள் பல. இந்நகரம் தன் தெருக்களை நடப்பவர்க்காகப் பெரிதும் காத்துக்கொண்டது.

எனினும் வெற்றியின் நிழலிலே வேறொரு குறை வளர்ந்தது. பழைய குடியிருப்புகளின் சாயல் மாறலாகாதென்ற எண்ணம் வலுப்பெற, 1978ஆம் ஆண்டின் நகர விதிகள் புதிய வீடுகளின் உயரத்தையும் தொகையையும் கட்டுப்படுத்தின. அதன் பின்னர் கணினித் தொழில் பெருகி, பெருஞ்சம்பளம் பெறுவோர் வந்து குவிந்தனர். வீடுகள் அவ்வளவிற்குப் பெருகவில்லை, விலையோ பன்மடங்காயிற்று. தொழிலாளர் கட்டிய மரவீடுகளைத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் வாங்க முடியாத நிலை வந்தது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது நகர மக்களுள் 100 பேருக்கு ஏறக்குறைய 13 பேரே 18 வயதிற்குட்பட்டோர். நாடு முழுவதும் அத்தொகை ஏறக்குறைய 22 ஆகும்.

குன்றின் ஏற்றம் குடும்பங்களைத் துரத்தவில்லை. வாடகையின் ஏற்றமே துரத்தியது. நடந்து வாழத்தக்க தெருவைக் காப்பது பெருங்காரியந்தான். ஆனால், காத்த தெருவில் அடுத்த தலைமுறைக்கும் ஒரு வாயில் திறந்திருத்தல் வேண்டும். பிள்ளைகளின் காலடி ஓசை குன்றிய வீதி, எவ்வளவு எழிலுடையதாயினும், தான் காக்கப்பட்டதன் நோக்கத்தை இழந்துவிடும். குன்றில் வாழும் மக்களுக்கேயன்றிச் சமவெளி நகரங்களுக்கும் இது பொருந்தும் பாடமாகும்.