கடற்கரைச் சொற்கள்

எம் அலுவலகத்தில் எம்மோடு பணிபுரியும் பஞ்சாபி நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு பழைய நூலொன்றைக் கொணர்ந்து காட்டினார். அவருடைய முப்பாட்டனார் கிழக்கு ஆப்பிரிக்காவில் இருப்புப்பாதை போடச் சென்றவர். கறையான் தின்றது போக எஞ்சிய அந்நூலில் சுவாகிலிச் சொற்களும், அவற்றுக்கு நேரே ஆங்கிலப் பொருளும், கீழே எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருந்தன. புரட்டிய முதற் பக்கத்திலேயே 'கரானி' என்றொரு சொல், பொருள், எழுத்தர். மலேயாத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர் 'கிராணி' என்றார்களே, அதே சொல்! எம் தொழிலின் பெயர் கடலின் இரு கரைகளிலும் வழங்குவதைக் கண்டபின் நூலைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

அரபியில் 'சாகில்' என்றால் கடற்கரை, பன்மை 'சவாகில்'. சுவாகிலி என்னும் பெயர் அதிலிருந்து வந்தது. பெயர் அரபியாயினும் மொழி அரபியன்று. ஆப்பிரிக்காவின் பாந்து குடும்பத்தைச் சேர்ந்தது. பருவக்காற்றில் பாய் விரித்து வந்த அரபியரும் பாரசீகரும் குசராத்தியரும், பின்னர்ப் போர்த்துகீசியரும், மொம்பாசா, சான்சிபார்த் துறைகளில் சரக்கோடு சொல்லையும் இறக்கினர். நம் 'மேசை' அங்கே 'மேசா'. இரண்டும் போர்த்துகீசியர் தந்தவை. நம் 'வக்கீல்' அங்கே 'வகீலி', இரண்டும் அரபி. வடநாட்டாரின் 'காடி' அங்கே 'காரி'. 'மோஷி' என்றால் புகை. ஆகவே இரயிலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'காரி லா மோஷி', அதாவது நம் புகைவண்டியேதான். ஒருவரை ஒருவர் கேளாமலே இரு மக்களும் ஒரே பெயரை இட்டிருக்கின்றனர்.

சில சொற்களின் பயணம் விந்தையானது. போர்த்துகீசிய மொழியில் 'இக்ரேசா' என்பது தேவாலயம். சுவாகிலியில் அது 'கெரேசா' ஆகி முதலில் கோட்டையையும் பின்னர்ச் சிறைச்சாலையையும் குறிக்கலாயிற்று. மொம்பாசாவில் போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை 1698-இல் ஓமன் அரபியர் கைப்பற்றினர். ஆங்கிலேயர் அதனை 1958 வரை சிறையாகவே வைத்திருந்தனர்.

வந்த சொற்களை அம்மொழி தன் வீட்டு வழக்கப்படியே நடத்திற்று. அரபியின் 'கிதாப்' அங்கே 'கிதாபு' ஆயிற்று. பாந்து மொழிகளில் முன்னொட்டு மாறிப் பன்மை பிறக்கும். 'கீத்தி' ஒரு நாற்காலி, 'வீத்தி' பல. அதைப் போலவே 'கிதாபு' ஒரு புத்தகம், 'விதாபு' பல! சாலைச் சந்தியில் 'இடப்புறம் செல்க' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த பலகை, 'கிப்பிலெப்தி' என்னும் பெயராகி, பன்மையில் 'விப்பிலெப்தி' ஆனதும் உண்டு. நம் காலனிக் குழந்தைகள் 'ஜல்தி வா' என்று சொல்வதாகப் பெரியோர் வருந்துகின்றனர். எமக்கு அவ்வளவு வருத்தமில்லை. 'மாமாக்கள் வந்தது' என்று அவர்கள் சொல்லும்போதுதான் நெஞ்சம் துணுக்குறுகிறது. சொல் விருந்தாளி, வினைமுற்று வீட்டுச் சுவர்.

இச்சொற்களை முதன்முதல் தொகுத்தோருள் ஒருவர் கிராப் என்னும் செர்மானியப் பாதிரியார். 1844-இல் மொம்பாசா சேர்ந்த சில மாதங்களிலேயே மனைவியையும் பச்சிளங் குழந்தையையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். ஆயினும் சொல் சேர்ப்பதை விடவில்லை. அவர் மறைந்த மறு ஆண்டு, 1882-இல், அகராதி வெளிவந்தது. இதற்கிடையே 1870-இல் ஸ்டீர் என்பார் சான்சிபார் வழக்கைக் கொண்டு கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். 1928-இல் அச்சான்சிபார் வழக்கே பொதுவழக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது; பாட்டில் பழமை மிக்க மொம்பாசா வழக்கு பின்தங்கிற்று.

1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை பாதை போட இந்தியாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 32,000 பேர், பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அங்கேயே மாண்டனர். சாவோ ஆற்றுப் பாலத்துச் சிங்கங்களைப் பற்றி உலகம் பேசுகிறது. நோயால் மாண்டவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அந்நூலின் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் எம்மை உறுத்தின. 'லேத்தே மாஜி' என்றால் தண்ணீர் கொண்டு வா. 'சுகுவா ம்சிகோ' என்றால் சுமையைத் தூக்கு. எஞ்சிய பக்கங்களெங்கும் ஏவலே. யாருக்காக யார் எழுதிய நூல் என்பது விளங்கிவிட்டது. மணி கேட்கும் பகுதியில் மட்டும் ஒரு வேடிக்கை: காலை ஏழு மணியை அவர்கள் 'சா மோஜா', அதாவது ஒரு மணி என்பர். சூரியோதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது புதிதன்று. கால அட்டவணைக்காரருக்கோ தலைவலி!

இன்று சுவாகிலி தான்சானியாவின் தேசியமொழி. 2022-இல் ஆப்பிரிக்க ஒன்றியமும் அதனைப் பணிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது.

நண்பரின் பாட்டியார் நைரோபியில் பிறந்தவர். நூலைத் திருப்பித் தரக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். பெரியோரைக் கண்டால் அங்கே இளையோர் 'ஷிகாமோ' என்பர் என்றும், உம் பாதம் பற்றுகிறேன் என்பது அதன் பொருள் என்றும் அவ்வம்மையார் சொன்னார். அந்நூலின் எஞ்சிய பக்கங்களில் அச்சொல் இல்லை. விடைபெறும்போது எம் இளைய மகள் அவர் காலைத் தொட்டு, 'ஷிகாமோ, தாதி' என்றாள். கிழவியார் கண் கலங்கி, 'மரஹபா' என்றார்.