வளர்ப்பு முயல்களில் மிகையுணவும் உடற்பருமனும்

செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் முயல் பருத்துப்போவதற்கு, அது உண்ணும் அளவைவிட உண்ணும் பொருளே பெரும்பாலும் காரணமாகிறது. தமிழில் கிடைக்கும் முயல் வளர்ப்புக் குறிப்புகளோ பெரிதும் இறைச்சிப் பண்ணையாளரை நோக்கியவை. தாம்பரத்துக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் அளித்துவரும் பயிற்சியும் அவ்வகையதே. குட்டியை மூன்று மாதத்தில் ஏறக்குறைய 2 கிலோவாக்கும் அடர்தீவன முறையை, சேலையூரிலோ மேடவாக்கத்திலோ அடுக்குமாடி பால்கனிக் கூண்டில் பல ஆண்டுகள் வாழவேண்டிய முயலுக்கும் அப்படியே கடைப்பிடித்தால் கொழுப்பு சேராமல் இராது.

முயலின் குருட்டுக்குடலில் நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைக்க, அதிலிருந்து உருவாகும் மென்புழுக்கையை முயல் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்து மீண்டும் உண்டு சத்துப் பெறுகிறது. பருத்த முயலுக்கு அவ்வளவு தூரம் குனிய முடிவதில்லை. பின்புறத்தில் ஒட்டிக் காயும் புழுக்கையில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது, மழைக்காலப் புறநகரில் விரைவில் உயிரையே பறிக்கக்கூடும். பாதப்புண்ணும், கத்திரி வெயிலைத் தாங்காமையும் பருமனின் பிற விளைவுகள்.

வளர்ந்த முயலுக்கு உணவின் பெரும்பகுதி புல்லாகவே இருக்க வேண்டும். இடைவிடாது வளரும் பற்கள் தேய்வதற்கும் அதுவே வழி. உலர்புல் எளிதில் கிடைக்காத இப்பகுதியில் அருகம்புல்லும், கால்நடை வளர்ப்போர் பயிரிடும் கினியாப் புல்லும், கோ-4 தீவனப்புல்லும், ஈரம் வடிந்தபின், ஈடுசெய்யும். வைக்கோலில் நார் உண்டு, சத்து குறைவு. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த வேலிமசால், அகத்தி ஆகியவை வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்றவை, ஓய்ந்திருக்கும் முயலுக்கு அளவோடு போதும். குச்சித் தீவனம் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமைத் தாண்டலாகாது. கேரட், வாழைப்பழம் ஆகியவை இனிப்புப் பண்டங்களே. பொரியும் பிஸ்கட்டும் அறவே கூடாதவை, வீட்டுக் குழந்தைகள் கூண்டுக்குள் நீட்டுவது பெரும்பாலும் இவற்றைத்தான் என்றாலும்.

வெள்ளை ஜெயின்ட், சோவியத் சின்சில்லா போன்ற பெரிய இனங்கள் 4 கிலோவுக்கு மேலும் இயல்பாக வளர்வதால், எடை எண்ணை மட்டும் கொண்டு பருமனை முடிவுசெய்ய இயலாது. விலாவில் விரலை மெல்ல ஓட்டும்போது எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடவேண்டியிருந்தால் முயல் பருத்துள்ளது என்று பொருள். பெண் முயலின் தாடைக்கடியில் தொங்கும் மடிப்பு இயற்கையானது, அதை இக்கணக்கில் சேர்ப்பது தவறு.

எடையைக் குறைக்கப் பட்டினி போடுவது ஆபத்தானது. ஒருநாள் உண்ணாவிட்டாலே குடலியக்கம் நின்று, கல்லீரலில் கொழுப்பு படியலாம். ஆகவே புல்லை மிகுத்து அடர்தீவனத்தைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, காலையிலும் அந்தியிலும் வெயில் தணிந்த வேளையில் வழுக்காத தரையில் ஓடவிட்டு, வாரந்தோறும் எடை பார்ப்பதே கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கும் முறை.