இரவச்சத்தைச் சட்டமாக்கிய கதை

வள்ளுவர் 'இரவு' என்றோர் அதிகாரமும், அதனை அடுத்தே 'இரவச்சம்' என்றோர் அதிகாரமும் வைத்தார். கேட்டுப் பெறுதலும் கேட்க அஞ்சுதலும் ஒரே மனிதனுக்குள் உறைபவை. அவ்வச்சத்தைச் சட்டத்தின் துணைகொண்டு உண்டாக்க முயன்ற ஒரு நாட்டின் கதையை இங்கே காண்போம்.

1795இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதி நீதிபதிகள் ஸ்பீனம்லாந்து என்னுமிடத்தில் கூடினர். ரொட்டி விலைக்கும் குடும்ப அளவுக்கும் ஏற்ப, கூலி போதாதவர்க்கு உதவித்தொகை வழங்க முடிவு செய்தனர். நோக்கம் நன்று. ஆயினும் குறைந்த கூலியை ஊர்வரி ஈடுசெய்துவிடும் என்று பண்ணையாளர்கள் இருந்துவிட அது இடமளித்தது என்ற குறை எழுந்தது. வரிச்சுமை ஏற ஏற, பழியோ ஏழையின் சோம்பல்மீது விழுந்தது.

விளைவு, 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம். உடல்வலிமை உள்ளவர் உதவி வேண்டின் 'ஒர்க்ஹவுஸ்' எனும் உழைப்பில்லத்துள் புகவேண்டும். அங்குள்ள வாழ்வு, வெளியே மிகக் குறைந்த கூலி பெறுவோன் வாழ்வினும் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே கொள்கை. கணவனும் மனைவியும் மக்களும் பிரித்து வைக்கப்பட்டனர். ஆண்டோவர் உழைப்பில்லத்தில் உரத்திற்காக எலும்பு உடைத்தோர், பசி தாளாது அவ்வெலும்பில் ஒட்டியிருந்ததை உண்ட செய்தி 1845இல் வெளிப்பட்டது. நாடு அதிர்ந்தது. 1847இல் ஏழையர் சட்ட ஆணையம் கலைக்கப்பட்டது, சட்டமோ நீடித்தது.

பின்னர் கேள்வியே மாறியது. 'இவன் ஏன் உழைக்கவில்லை?' என்ற இடத்தில் 'இவனுக்குரிய வேலை எங்குள்ளது?' என்ற வினா எழுந்தது. வேலையின்மை தொழிலமைப்பின் சிக்கலே என 1909இல் நூலெழுதி வாதிட்டார் வில்லியம் பெவரிட்ஜ். 1910 பிப்ரவரியில் அரசு வேலைவாய்ப்பகங்கள் திறக்கப்பட்டன. 1911இன் காப்பீட்டுச் சட்டம் சில தொழில்களில் வேலையிழந்தோர்க்கு வாரம் 7 ஷில்லிங், ஆண்டுக்கு 15 வாரம் வரை வழங்கியது. தொழிலாளி, முதலாளி, அரசு என மூவரும் பணம் செலுத்தினர். ஆதலின் அது ஈகையன்று, உரிமை.

எனினும் பழைய ஐயம் மடியவில்லை. மெய்யாகவே வேலை தேடுவதை மெய்ப்பிக்கும் பொறுப்பு 1921இல் வேலையற்றோர் தலையிலேயே ஏற்றப்பட்டது. இல்லாத வேலையைத் தேடி அலைந்ததற்கும் சான்று காட்ட வேண்டியதாயிற்று. 1930இல்தான் அவ்விதி நீங்கியது.

1998இல் வந்த 'நியூ டீல்' இரு மரபுகளையும் பிணைத்தது. ஆறு திங்கள் வேலையற்றிருந்த 18 முதல் 24 அகவையினர்க்கு முதலில் வழிகாட்டல்; பின்னும் வேலை அமையாதோர்க்கு மானியத்துடன் வேலை, முழுநேரக் கல்வி, தன்னார்வ அமைப்பில் பணி, சுற்றுச்சூழல் பணி என நான்கு வழிகள். உதவித்தொகையோடு வீட்டிலிருக்கும் ஐந்தாம் வழி மட்டும் இல்லை.

இருநூறு ஆண்டு வரலாறு நமக்குணர்த்துவது இதுவே: கதவைத் திறந்துவிட்டு 'நட' என்பது ஒன்று, கதவை அடைத்துவிட்டு 'ஏன் நடக்கவில்லை?' என்பது வேறொன்று. எந்தத் திட்டமாயினும், அது இவ்விரண்டில் எதைச் செய்கிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும்.